விதைத்தீ

மேகம் வீட்டுக்குள் நுழைந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்துவிட்டுப் போகிற ஊர் ஒன்று உண்டு என்றால் கீழ்நாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும், எங்கள் கூம்பாவரை அப்படித்தான் இருந்தது. பழனி மலையின் மேல்மலையில், ரோடு வந்து சேராத காலத்தில், ஐப்பசியில் இறங்குகிற மூட்டம் தை போனாலும் எழுந்திருக்காது. துவைத்த சேலை கொடியிலேயே பூசணம் பூக்கும், உப்புச் சாடியில் தண்ணீர் ஊறும், தலைக்கு ஊற்றிய பெண்டுகள் மறுவாரம் வரைக்கும் ஈரக் கொண்டையோடு அலைவார்கள். அந்த ஊரில் போய்க் கோதுமை விதைத்தார்களே எங்கள் முன்னோர், அவர்கள் புத்தியை என்னவென்று சொல்வது. வைகாசியில் விதைத்து ஐப்பசியில் அறுக்கிற கோதுமை அறுக்கும்போதும் ஈரம், அடிக்கும்போதும் ஈரம், அப்படியே மூட்டை கட்டினால் மூட்டைக்குள்ளேயே முளைவிட்டுப் பல்லிளிக்கும். ஆகவேதான், காப்பித் தோட்டம் போடுகிறேன் என்று வந்து நொடித்துப்போன வெள்ளைக்காரன் ஒருவன் ஓடைக்கரையில் கட்டிவிட்டுப் போன சூட்டுவீட்டை, கோயிலுக்கு அடுத்தபடியாக நாங்கள் மதித்து வந்தோம்.

சூட்டுவீடு இரண்டு அடுக்கு. கீழே ஆள் குனிந்து இறங்குகிற ஒரு குழி, குழிக்குள் கன்றுக்குட்டி நுழையுமளவு வாய் பிளந்த அடுப்பு. அதற்கு நேர் மேலே, சல்லடை போலத் துளையிட்ட இரும்புத் தகடுகளைப் பாவிய தளம். தளத்தைச் சுற்றிக் கருங்கல் சுவர், சுவருக்கு மேல் கூம்பாகக் குவிந்து உச்சியில் வாய் திறந்த கூரை. தளத்தில் கோதுமையைப் பரப்பிக் கீழே தீ மூட்டினால் ஈரமெல்லாம் ஆவியாகி உச்சி வழியே போய்விடும். பக்கத்துச் சுவரை ஒட்டித் தண்ணிக்கல். ஓடையிலிருந்து வெட்டிய வாய்க்கால் ஒரு பெரிய மரச்சக்கரத்தைத் தள்ளும், சக்கரம் உள்ளே கல்லைச் சுற்றும், காய்ந்த கோதுமை அங்கே மாவாகும்.

தீ என்றால் எல்லாம் ஒரே தீ என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், எங்களுக்கு இரண்டு தீ. திங்கிற கோதுமைக்கு மாவுத்தீ, கொழுந்துவிட்டு எரிய வேண்டும், பல்லில் வைத்துக் கடித்தால் டக்கென்று உடைகிற வரைக்கும் எரிய வேண்டும். அதற்கு ஒரு ஆள் குழியை விட்டு நகராமல் விறகு தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். விதைக் கோதுமைக்கு விதைத்தீ, தணலாகக் கிடந்தால் போதும், ஒருமுறை கூட்டிவைத்துவிட்டால் கீழே ஆளே வேண்டியதில்லை. ஆனால் மேலே ஒருவர் துடுப்பைக் கீழே வைக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு பக்கம் சூடு ஏறினால் உள்ளேயிருக்கிற உயிர் செத்துவிடும். முதலில் ஊர் திங்கிறதற்கு, கடைசியில் தை மாதத்தில் விதைக்கு, இப்படி வீட்டுக்கு வீடு முறை வைத்துக் காயவைப்போம்.

தண்ணிக்கல்லைப் பார்த்துக்கொண்டவன் அங்கணன், சூட்டுவீட்டுத் தீயைப் பார்த்துக்கொண்டவள் அவன் பெண்டாட்டி பெருமாயி. அவன் மேலெல்லாம் மாவு, அவள் மேலெல்லாம் கரி, இரண்டு பேரும் சேர்ந்து தெருவில் நடந்தால் வெள்ளாடும் கறுப்பாடும் போகுது என்று இளசுகள் கேலி பேசுவார்கள். பிள்ளை இல்லை. அதற்காக அவர்கள் கோயில் கோயிலாக ஏறி இறங்கினதாகவும் தெரியவில்லை. அவன் கல் கொத்துகிற சத்தம் கேட்டால் அவள் குழிக்குள்ளிருந்து ஏதாவது சொல்லுவாள், அவன் ஏதாவது சொல்லுவான், சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நாள் முழுக்கப் பேச்சு நடக்கும்.

எங்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஈர விதை மண்ணுக்குள் போனால் முளைக்கும் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்; அதனால் மூட்ட மாதங்களில் செத்தவர்களை ஈரத்தோடு புதைக்கக் கூடாது, புதைத்தால் அவர்களும் சும்மா கிடக்கமாட்டார்கள் என்பது எங்கள் கணக்கு. அப்படி யாரும் முளைத்து வந்து நாங்கள் பார்த்ததில்லை, பார்க்க விட்டதும் இல்லை. சூட்டுவீட்டுத் தளத்தில் கொஞ்ச நேரம் கிடத்தி, கட்டின துணி காய்ந்ததும் தூக்கிக்கொண்டு போய்விடுவோம். அதே தளத்தில் மறுநாள் கோதுமை பரப்ப யாரும் முகம் சுளித்ததில்லை. தீ பட்ட இடத்தில் தீட்டு ஏது?

ஒரு வருஷம் ஐப்பசியில் ஓடை பெருகி வந்த ஒரு காலையில், வாய்க்காலின் மதகுப் பலகையை இறக்கப் போன அங்கணனைத் தண்ணீர் இழுத்துக்கொண்டது. உச்சிப்பொழுதுக்கு, கீழே நாவல் வேருக்குள் சிக்கிக் கிடந்தவனைக் கண்டெடுத்துத் தூக்கிவந்தார்கள். பெருமாயி மாரடித்து அழுவாள், பிடித்துக்கொள்ள வேண்டும் என்று பொம்பளைகள் சேலையைச் செருகிக்கொண்டு வந்து நிற்க, அவளோ அவன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் குழிக்குள் இறங்கிவிட்டாள். செத்தவர்களுக்குத் தணல் போதும். அவள் மாவுத்தீ மூட்டினாள். பாவம், புத்தி தடுமாறிவிட்டது, விறகு போனால் போகிறது என்று நாங்களும் விட்டுவிட்டோம். கொழுந்தியாள் புருஷன் கொண்டுவந்த கோடி வேட்டியை உடுத்தித் தளத்தில் கிடத்தியவனின் மேலிருந்து ஆவி எழுந்தது, வேட்டி காய்ந்தது, தலைமுடி காய்ந்தது, காதுக்குள் நின்ற தண்ணீர் காய்ந்தது, தூக்கலாம் என்று ஆட்கள் குனிந்தபோது அங்கணன் ஒரு காலை மடக்கிக்கொண்டான்.

"சுடுதுப்பா. ஒரு சாக்கை விரிங்க" என்றான்.

சாக்கு விரித்தோம். பிறகு அவன் வரக்காப்பி கேட்டான், அதையும் கொடுத்தோம். ஊர் மணியக்காரர் சென்றாயர் வாசலில் நின்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உசுரோட இருக்குற ஆளைத் தூக்கிட்டுப் போக முடியாது, கொட்டுக்காரங்களைப் போகச் சொல்லுங்க" என்றார். இடுகாட்டில் வெட்டின குழியை வெறுமனே மூடக்கூடாது என்பது பெரியவர்கள் சொல்வது. அதில் பூண்டு ஊன்றினோம், நன்றாகவே வந்தது. கீழே குழிக்குள் இருந்த பெருமாயிக்கு யார் போய்ச் சொல்வது என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, தகட்டுத் துளை வழியாக அவள் குரலே மேலே வந்தது.

"மாமா, விறகு போதுமா, இன்னும் போடவா?"

"போடு மாயி" என்றான் அவன்.

வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று நாலு பேர் தோள் கொடுத்துப் பார்த்தார்கள். வாசல்படியைத் தாண்டினதும் அவன் உதடு நீலம் பாய்ந்து, கை தொங்கி, உடம்பு ஓடைக்கல் மாதிரிக் குளிர்ந்துவிட்டது. திரும்பவும் தளத்தில் கொண்டுவந்து போட்டதும் கண்ணைத் திறந்து, எங்கே போனோம் என்று கேட்டான். தீ கொஞ்சம் இறங்கினாலும் அதே கதைதான். ஆக விஷயம் எங்களுக்கு விளங்கிவிட்டது: மாவுத்தீ எரிகிற வரைக்கும் அங்கணன் உண்டு.

விளங்கின விஷயத்துக்கு ஏற்ற மாதிரி ஊர் நடந்துகொள்ள வேண்டுமே. பெருமாயி பூ வைக்கலாமா கூடாதா, தாலி இருக்கலாமா கூடாதா என்று பெண்கள் மந்தையில் கூடிப் பேசினார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது. சென்றாயர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, "தீ எரியிற வரைக்கும் அவ சுமங்கலி. அணைஞ்சா அன்னைக்குப் பேசிக்கிருவோம்" என்று தீர்த்துவைத்தார். செத்தவர்களைப் பற்றிக் கேட்டுப் போக அக்கம்பக்கத்து மலையிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். எங்க அய்யாவைப் பாத்தீகளா, எம் மூத்த மகளைப் பாத்தீகளா, என்ன சொன்னா, என்று வாசல்படியில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கினவர்களுக்கு அங்கணன் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தான்.

"தண்ணி கலங்கலா இருந்துச்சு ஆத்தா. வேற ஒண்ணும் பாக்கலை."

அவன் கொஞ்சம் பொய் சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் மாவு அரைக்கிறவனுக்குப் பொய் வராது, அளவு குறைந்தால் உடனே தெரிந்துவிடுகிற தொழில்.

வீட்டுக்கு ஒரு கட்டு சீகை விறகு என்று நாங்கள் கொண்டுபோய்ப் போட்டோம். பெருமாயி கொஞ்சம் கண்ணசர வேண்டும் என்று ஆரம்பத்தில் ஆண்கள் மாற்றி மாற்றிக் குழிக்குள் இறங்கித் தீயைப் பார்த்துக்கொள்ளவும் செய்தார்கள். தவசியின் முறை வந்த ஒரு மத்தியானம், அவன் கதகதப்பு சுகத்தில் அடுப்புக்கு எதிரிலேயே தூங்கிப்போக, மேலே அங்கணன் விறைத்துக் கிடந்ததை யதேச்சையாகப் போனவர்கள் பார்த்துச் சத்தம் போட்டார்கள். அன்றிலிருந்து பெருமாயி யாரையும் நம்பவில்லை. சாப்பாடு குழிக்குள், தூக்கமும் குழிக்குள், அதுவும் உட்கார்ந்தபடி, கையில் விறகுக் கட்டையோடு. தீ கொஞ்சம் நமுத்தாலும் மேலிருந்து சத்தம் நின்றுவிடும், சத்தம் நின்றால் அவள் முழித்துக்கொள்வாள்.

இதில் ஒரு கொடுமை இருந்தது, அதை நாங்கள் அப்போது கொடுமையாகவே நினைக்கவில்லை. புருஷன் பிழைத்தான், ஆனால் அவனை அவள் பார்க்க முடியாது. மேலே ஏறி வந்தால் தீ இறங்கும், தீ இறங்கினால் அவன் இல்லை. எந்தெந்தத் துளை இருட்டாக இருக்கிறது என்று பார்த்து, இங்கே உட்கார்ந்திருக்கிறார், இப்போது எழுந்து வாசல் பக்கம் போகிறார், என்று அவளாகத் தெரிந்துகொள்வாள். அவன் கோதுமையைக் கிளறும்போது துளை வழியாக உதிர்கிற உமி அவள் தலையில் விழும், அதைத் தட்டிவிடமாட்டாள். பேச்சு மட்டும் முன்னைப் போலவே நடந்தது, முன்னே சுவரைத் தாண்டி, இப்போது தகட்டைத் தாண்டி.

அந்த வருஷத்து மாவு மாதிரி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தீ அணையவே இல்லை அல்லவா, தளத்தைவிட்டு நகராத ஆள் வேறு மேலேயே இருந்து கிளறினான் அல்லவா, கோதுமை மணியெல்லாம் பொன்னாகக் காய்ந்தது. தண்ணிக்கல்லை எங்கள் இளசுகள் ஓட்ட, நாங்கள் வயிறு முட்டத் தின்றோம். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பதுபோல, கொஞ்ச நாளில் அங்கணன் மேல் குறைகூடச் சொன்னோம், எங்கள் முறைக்குச் சரியாகக் கிளறவில்லை, அவர்கள் முறைக்கு மட்டும் பார்த்துக் கிளறினான் என்று. அவன் உடம்பு காய்ந்துகொண்டே வந்தது. முதலில் வேர்வை நின்றது, பிறகு தாகம் நின்றது, எச்சில் விழுங்குவது நின்றது. நடந்தால் சருகு நகர்கிற சத்தம் வந்தது, நின்ற இடத்துத் துளைகூட முன்னைப்போல முழுசாக இருட்டவில்லை. மாமியாக்காரி செத்த சேதி வந்தபோது அழ வேண்டும் என்று முகத்தைச் சுருக்கினான், ஒன்றும் வரவில்லை.

தை பிறந்தது, விதை முறை வந்தது. விதைக் கோதுமையைக் கூடை கூடையாகச் சூட்டுவீட்டு வாசலில் இறக்கிவிட்டு நாங்கள் நின்றோம். விதைத்தீ கூட்ட வேண்டும், அதற்கு மாவுத்தீயைத் தணிக்க வேண்டும். யார் சொல்வது? சொல்கிறவன் வாய் அழுகிப்போகாதா? ஒருவருக்கொருவர் தாட்சண்யம், எல்லோருக்கும் பெருமாயி மேல் தாட்சண்யம். குழிக்குள்ளிருந்து அவளே சொன்னாள்.

"நடுவுல போடாதீக. சுவரோரமாப் பரப்புங்க, அங்கன சூடு கம்மி. போதும்."

போதாது என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும், அந்த ஊரில் தீயைப் பற்றி அவளைவிடத் தெரிந்தவர் யார். போதும் என்று அவள் சொன்னாள், போதும் என்று நாங்களும் தலையை ஆட்டினோம், தீ கொழுந்துவிட்டு எரிய எரிய ஊரின் அத்தனை விதையையும் சுவரோரமாகப் பரப்பிக் காயவைத்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, அள்ளிப்போய்க் குதிரில் கொட்டிவிட்டோம். அறிவுகெட்ட கூட்டம் என்று வேறு ஊர்க்காரர்கள் சொல்லலாம். ஒரு பொம்பளையின் புருஷனை அவள் கையாலேயே அணைக்கச் சொல்கிற அறிவு எங்களுக்கு இல்லாமல் போனது என்பதுதான் உண்மை.

மாசியில் முத்தாலம்மனுக்கு முளைப்பாரி. கீழ்நாட்டில் நவதானியம் போடுவார்கள், எங்களுக்குக் கோதுமைதான். வீட்டுக்கு வீடு ஓட்டுக்குள் எருவும் மண்ணும் நிரப்பி, விதைக் குதிரிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தூவி, இருட்டறையில் வைத்துத் தண்ணீர் தெளித்துப் பெண்கள் விரதம் இருப்பார்கள். எடுக்கிற நாள் வந்து துணியை விலக்கிப் பார்த்தால் மண் வைத்தபடியே இருந்தது. ஒரு வீட்டில் என்றால் அந்த வீட்டில் ஏதோ குற்றம் என்று பேசலாம். எல்லா வீட்டிலும் அதே மண். அம்மனுக்கு வைத்ததை எடுக்காமல் விட முடியாது, பெண்கள் வெறும் மண் ஓட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையாக நடந்தார்கள், குலவை போட வேண்டிய இடத்தில் குலவை போட்டார்கள், அது பாதியிலேயே நின்றது. ஊர்வலம் ஓடைக்குப் போகிற வழியில்தான் சூட்டுவீடு. குலவைச் சத்தம் சரியில்லையே என்று பெருமாயி குழி வாசலுக்கு எட்டிப் பார்த்தாள். முன்னால் வந்த மேட்டுக்காட்டு முத்துப்பிள்ளை அக்காவை நிறுத்தி, ஓட்டை இறக்கச் சொல்லி, மண்ணைக் கிளறி ஒரு கோதுமையை எடுத்துக் கடித்தாள். அத்தனை நாள் ஈரத்தில் கிடந்த மணி டக்கென்று உடைந்தது. அவள் குனிந்து குழிக்குள் போய்விட்டாள், தீ இறங்கியிருக்கும் அல்லவா.

மற்ற மலைகளில் விதை கேட்டு ஆள் அனுப்பினோம். எல்லோரும் உருளைக்கிழங்குக்கும் பூண்டுக்கும் மாறி வெகுகாலம் ஆகியிருந்தது, கோதுமை விதையா, அது எதற்கு, என்று கேட்டார்கள். உயிருள்ள கோதுமை எங்கள் ஊரில் ஒரே ஒரு இடத்தில் மிச்சம் இருந்தது. முத்துப்பிள்ளையின் மேட்டுக்காடு நிழல் விழுகிற சரிவு, எல்லாம் பிந்தித்தான் விளையும். அதை மாசி முடிவில்தான் அறுத்து அடித்திருந்தாள், ஒரு கூடை. அந்த வருஷம் மாசி போய்ப் பங்குனி பிறந்தும் மூட்டம் விலகவில்லை, சூட்டுவீட்டு உச்சியிலிருந்து ஓயாமல் ஏறின ஆவிதான் மேகமாகிப் பள்ளத்தாக்கை மூடிக்கொண்டது என்று சிலர் சொன்னார்கள். வெயில் இல்லை. அடுப்புக்கு மேல் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தாள், அடியில் கருகியது, மேலே பூசணம் பிடித்தது. வைகாசி வரைக்கும் அதை ஈரத்தோடு வைத்திருக்கவும் முடியாது.

கடைசியில் ஒரு காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து குழி வாசலில் இறக்கினாள். நாங்கள் சிலர் விறகு போட வந்தவர்கள் அங்கே நின்றோம்.

"என்னக்கா இது?" என்றாள் பெருமாயி, அடுப்பைவிட்டுத் திரும்பாமல்.

"மேட்டுக்காட்டுக் கோதுமை."

"இங்க எதுக்குக் கொண்டாந்த?"

"வீட்டுல வச்சாப் பூசணம் புடிக்கிது. இங்கன வச்சுட்டுப் போறேன்."

பெருமாயி இப்போது திரும்பினாள். கண் மட்டும்தான் வெள்ளை, மற்றதெல்லாம் கரி.

"எம் புருசனைக் கொல்லச் சொல்றியாக்கா?"

"நான் அப்பிடிச் சொல்லுவனா மாயி. இந்த வாயால சொல்லுவனா." முத்துப்பிள்ளை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எம் மக புள்ளத்தாச்சியா இருக்கா. அடுத்த வருசம் அந்தப் பச்சை உசுரு மடியில கெடக்கும்போது, என்னத்தைத் திங்கிறது ஆத்தான்னு அவ கேட்டா நான் என்ன சொல்றது? அதை நெனச்சுக்கிட்டே நடந்தேன், கால் இங்கன வந்து நிக்கிது."

"கூடையைத் தூக்கிட்டுப் போ."

முத்துப்பிள்ளை தூக்கவில்லை. அழுதுகொண்டே போய்விட்டாள். நாங்களும் விறகைப் போட்டுவிட்டு வந்துவிட்டோம், வேறு என்ன செய்ய. ஊரில் யாரும் பெருமாயியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் விறகு கொண்டுபோனவர்கள் எல்லோரும் கூடையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள், அவளும் அவர்கள் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மேலேயிருந்து அங்கணன் கேட்டான். "கீழ என்னமோ பச்சை வாசம் அடிக்கிதே மாயி."

"ஒண்ணுமில்ல மாமா. விறகு பச்சை."

அவன் மறுபடி கேட்கவில்லை. பச்சை விறகுக்கும் பச்சைக் கோதுமைக்கும் வித்தியாசம் தெரியாதவனா அவன்.

அவள் அந்தக் கூடையை எட்டி உதைத்திருக்கலாம், அடுப்புக்குள் கொட்டியிருக்கலாம், செய்திருந்தால் நாங்கள் அவளைத் தப்பு சொல்லியிருக்கமாட்டோம். ஒரு காலையில் அவள் கூடைக்குள் கையை விட்டாள். பூசணம் எவ்வளவு ஏறியிருக்கிறது, இனி ஆகாது என்று தூக்கி ஓடையில் வீசிவிடலாம், கேட்டால் கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடலாம், அந்த எண்ணத்தில்தான் விட்டேன் என்று பிறகு முத்துப்பிள்ளையிடம் அவளே சொன்னாள். முழங்கை வரைக்கும் கை போனது. உள்ளே சூடாக இருந்தது. ஈரக் கோதுமை குவிந்து கிடந்தால் சூடேறும், அது உலகத்துக்கே தெரிந்த விஷயம், பிறந்ததிலிருந்து அவளும் பார்த்துக்கொண்டிருக்கிற விஷயம்; ஆனால் அந்தச் சூட்டுக்கு அவள் ஒரு குச்சி விறகு போடவில்லை. அது யாரையும் கேட்காமல் தானாக இருந்த சூடு. கையை வெளியே எடுக்காமல் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் கட்டை சரிந்தது, தள்ளிவிடவில்லை. பிறகு எழுந்து, எரிகிற கட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து ஈர மண்ணைப் போட்டு அணைத்தாள், தணலைப் பரப்பிச் சமன் செய்து சாம்பலை மேலே தூவினாள், விதைத்தீ கூட்டுகிற பக்குவம் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் செய்தாள், கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஐப்பசியிலிருந்து கால் வைக்காத படியில் ஏறினாள்.

கூரை உச்சியில் ஆவி வருவது நின்றதைப் பார்த்துவிட்டு ஊரே ஓடி வந்தது. வந்தவர்கள் வாய்க்காலுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டோம். முத்துப்பிள்ளை மட்டும் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உள்ளே நடந்ததெல்லாம் அவள் பார்த்துச் சொன்னதுதான்.

அங்கணன் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தான். பெருமாயி உள்ளே வந்ததும், அவன் அவளைப் பார்த்தான், அவள் அவனைப் பார்த்தாள். இத்தனை காய்ந்திருப்பான் என்று அவள் நினைக்கவில்லை போலிருக்கிறது, இடுப்புக் கூடை சரிந்தது.

"தீ தணியுதே மாயி."

"ஆமா மாமா. விதை."

அவன் கூடையைப் பார்த்தான். "எம்புட்டு?"

"இம்புட்டுத்தான்."

"அப்பச் சரி. நடுவுல கொட்டு. ஓரமெல்லாம் குளுந்துகெடக்கு."

இரண்டு பேரும் சேர்ந்து கோதுமையை மெல்லிசாகப் பரப்பினார்கள். அவன் துடுப்பை எடுத்துக் கிளறத் தொடங்கினான், அவள் கையாலேயே கிளறினாள், அவளுக்குக் கீழேயிருந்துதான் பழக்கம், மேலே வந்து கிளறினதில்லை. அழுத்தாதே, மேலாக இழு, என்று அவன் சொல்லிக்கொடுத்தான், அவள் அப்படியே இழுத்தாள். கொஞ்ச நேரம் போனதும் அவன் துடுப்பு மெதுவாகியது.

"காலு மரத்துப்போச்சு. இங்கிட்டு வா மாயி. ஒட்டி உக்காரு."

அவள் நகர்ந்து வந்து ஒட்டி உட்கார்ந்தாள். அவன் குனிந்து அவள் தலையை மோந்து பார்த்தான்.

"கரி வாசம்" என்றான்.

"எத்தனையோ மாசமா குளிக்கலை."

"எனக்கு எங்க தெரியுது. நீ கீழயில்ல கெடந்த."

அவன் அவள் தோளில் சாய்ந்தான், சாய்ந்ததே தெரியாத அளவுக்குக் கனமில்லாமல் இருந்தான். வெளியே மூட்டத்தின் ஈரம் வாசல் வழியாக உள்ளே வந்தது, அவன் நெற்றியில் படிந்தது, இமையில் படிந்தது. துடுப்பு இரண்டு தரம் நகர்ந்தது, மூன்றாம் தரம் பாதியில் நின்றது. பெருமாயி இடது கையால் அவனை அணைத்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் அவன் விரல்களைப் பிரித்துத் துடுப்பை எடுத்தாள்.

"மாயி" என்றாள் முத்துப்பிள்ளை வாசலிலிருந்து. "நான் வந்து வாங்கிக்கிறேன். நீ அவுகளைப் பாரு."

"இன்னும் பதம் வரலக்கா. அங்கனயே நில்லு."

விதை தளத்தில் இருக்கும்போது கையை எடுக்கக்கூடாது, அவள் எடுக்கவில்லை. அவனைத் தோளில் தாங்கியபடியே, நடுவிலிருந்து ஓரத்துக்கும் ஓரத்திலிருந்து நடுவுக்குமாக மேலாக இழுத்து இழுத்துக் கிளறினாள், இந்தப் பக்கம் ஒரு மணி, அந்தப் பக்கம் ஒரு மணி எடுத்துக் கடித்துப் பார்த்தாள், மறுபடி கிளறினாள். ஐப்பசியில் அழாத அழுகையெல்லாம் அப்போதுதான் வந்தது, சத்தமில்லாமல், மூக்கு வழியாகவும் முகவாய் வழியாகவும் ஒழுகிக் கோதுமையின் மேல் விழுந்தது. விழுந்த இடத்தை மட்டும் அவள் இன்னொரு தரம் கிளறிவிட்டாள்.